சேகரிப்புச் சுவரொட்டிகளுக்கான அஞ்சல் காப்பீடு

பழைய சினிமா போஸ்டர், அரிய வரைபடம் போன்ற காகிதச் சேகரிப்புகள் தபாலிலோ கூரியரிலோ போகும் வழியில் தொலைந்தாலும் சேதப்பட்டாலும் உரியவருக்கு ஈடு கிடைக்கச் செய்யும் ஏற்பாடு இது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானிலிருந்து சென்னைக்கு ஒரு சிவாஜி போஸ்டரை அனுப்புகிறவர் பொதுவாக மூன்று இடங்களில் காப்பீடு கேட்கலாம்: அஞ்சல் நிலையம், கூரியர் நிறுவனம், தனியே சரக்குப் பாலிசி விற்கும் காப்பீட்டு நிறுவனம்.

எடையும் விலையும்

காப்பீடு எதையும் வாங்காமல் அனுப்பினால் எடைதான் கணக்கு. பன்னாட்டு விமானச் சரக்குக்கான 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை, சரக்கை ஏற்றிச்செல்லும் நிறுவனம் தரவேண்டிய ஈட்டுக்குக் கிலோ அளவில் வரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, 26 எஸ்.டி.ஆர். ஏறத்தாழ 150 ரிங்கிட். அட்டைக் குழலோடு சேர்த்தும் ஒரு கிலோ தேறாத போஸ்டர் பல்லாயிரம் ரிங்கிட் பெறுமென்றாலும் வரம்பு மாறாது. அனுப்பும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் மட்டும் உயரும்.

தபால் உருப்படிகள் இந்த உடன்படிக்கைக்குள் வருவதில்லை. அவற்றுக்கு 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளும் அந்தந்த நாட்டு அஞ்சல் விதிகளும் பொருந்தும். அங்கும் உண்மை விலைக்கு மேல் காப்பீட்டு மதிப்பை எழுதக் கூடாது.

குறைத்து எழுதும் ஆசைதான் அதிகம். இணையத்தில் வாங்கி மலேசியாவுக்குள் வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வரிக்குப் பயந்து சுங்கப் படிவத்தில் 50 ரிங்கிட் என்று எழுதியவர், கிழிந்து வந்த போஸ்டருக்கு 450 கேட்டால் அந்தப் படிவமே அவருக்கு எதிர்ச்சாட்சி.

விலைக்குச் சான்று

1931இல் வந்த 'டிராகுலா' படத்தின் போஸ்டர் 2017 நவம்பரில் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,800 அமெரிக்க டாலருக்குப் போனது. ஹாலிவுட் போஸ்டருக்கு இப்படி ஏலப் பதிவை நீட்டலாம். 1948இல் வெளியான 'சந்திரலேகா' போன்ற படங்களின் போஸ்டருக்கு அத்தகைய பதிவு எளிதில் கிடைக்காது. அதனால் வாங்கிய ரசீதும், விவரம் தெரிந்தவரின் மதிப்பீட்டுக் கடிதமும் வேண்டும். அசலா மறுபதிப்பா என்ற கேள்வியும் எழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆப்செட் மறுபதிப்பில் நிறப் புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கையால் வரைந்த கல்லச்சில் புள்ளிகள் சிதறியிருக்கும்.

இருதரப்பும் முன்பே ஒத்துக்கொண்ட தொகையைப் பாலிசியில் எழுதுவது இந்தச் சிக்கலைக் குறைக்கும். மலேசியாவிலும் பின்பற்றப்படும் பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் அத்தகைய பாலிசியை ஏற்கிறது. போஸ்டர் பாதி கிழிந்தால், ஒட்டிச் சீராக்கும் செலவோடு விலைச்சரிவுக்கும் ஈடு உண்டா என்பதையும் கேட்டுவைப்பது நல்லது.

சிப்பமும் விலக்குகளும்

சரக்குப் பாலிசிகளில் புழங்கும் 'இன்ஸ்டிட்யூட் கார்கோ' விதிகளில் மிக விரிவான 'ஏ' வகைகூட சரியாகக் கட்டாத சிப்பம், பொருளுக்குள்ளேயே இருந்த குறை, தாமதம் ஆகியவற்றால் வரும் நட்டத்தை விலக்கிவிடுகிறது. பல ஆண்டுகள் மடித்தே கிடந்த போஸ்டர் மடிப்பில் விட்டுப்போனால் 'உள்ளிருந்த குறை' என்ற பதில் வரலாம். அனுப்புமுன் ஒவ்வொரு மடிப்பையும் ஓரத்தையும் தேதியோடு படமெடுப்பது அதற்காகத்தான்.

சேகரிப்பாளர்கள் போஸ்டரை அமிலமற்ற தாளோடு தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையிலிட்டு, கனத்த குழலுக்குள் வைக்கிறார்கள். குழல் போஸ்டரைவிட நீளமாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் கசக்கிய தாளை அடைத்தால், குழல் தரையில் குத்தினாலும் ஓரம் நசுங்காது. பசை நாடா போஸ்டரின்மேல் படவே கூடாது.

சேதமானால்

குழலையும் உறையையும் எறிந்துவிடாமல், பிரிக்கும்போதே படமெடுக்க வேண்டும். மொன்றியல் உடன்படிக்கையின்படி சேதப் புகாரைச் சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். தபாலுக்கும் தனிப் பாலிசிக்கும் கெடு வேறு.

சரக்குக் காப்பீடு பொருள் சேருமிடத்தில் இறங்கியதும் முடிந்துவிடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதுபோன்ற வெள்ளத்தில் மேசைமேல் கிடக்கும் குழல் நனைந்தால், கேட்க வேண்டிய இடம் வீட்டுப் பொருள் பாலிசி. அதிலும் விலையுயர்ந்த சேகரிப்பைப் பெயர்சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும்.