பழைய இரும்பில் பிறந்த வேகம்

மோட்டார்ப் பந்தயங்களுள் மிக எளியது டிராக் பந்தயம். இரண்டு கார்கள் ஒரே கோட்டில் அருகருகே நிற்கின்றன. அடையாளம் காட்டியதும் நேரான தடத்தில் கால் மைல் தூரம், அதாவது 1,320 அடி, ஓடுகின்றன. எது முன்னே சென்று சேர்கிறதோ அது வென்றது. வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, இரண்டாவது சுற்றும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஆயினும் அந்தச் சில விநாடிகளுக்காக மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், வீட்டுக் கொட்டகையில் வியர்வை சிந்தி ஒரு வண்டியை உருவாக்கும் மனிதர்கள் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். இன்று அவர்களிற் பலர் விரும்பிக் கட்டுவது 1950களின் தோற்றமுடைய பழைய மாதிரி வண்டியை. அந்த வண்டி அந்த உருவத்தை எவ்வாறு பெற்றது, அதற்கு எத்தகைய விலை கொடுக்கப்பட்டது என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய்வோம்.

இக்கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே, மலைகளுக்கு அப்பால், பாலைவனத்தில் வறண்ட ஏரிகள் சில உள்ளன. நீர் வற்றிப்போன அந்த ஏரிப் படுகைகள் பல மைல் தூரத்துக்கு மேசைபோல் சமதளமாகக் கிடக்கும். அவற்றுள் முராக் என்னும் ஏரியில் 1920களிலேயே வேகச் சோதனைகள் நடைபெற்றன. வாலிபர்கள் தாம் திருத்தியமைத்த கார்களைக் கொண்டுவந்து பலர் ஒன்றாக ஓட்டினர். முன்னே செல்லும் வண்டி கிளப்பும் புழுதியில் பின்னே வருபவருக்குக் கண் தெரியாது. விபத்துகள் நேர்ந்தன. ஆகவே 1937ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. ஒவ்வொரு வண்டியாக ஓட்டி, கடிகாரத்தால் வேகத்தை அளக்கும் முறை நிலைபெற்றது. விதிகளை இயற்றியவர்கள் வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் அல்லர். வண்டி ஓட்டியவர்களே என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இந்த வாலிபர்களிடம் பணம் இல்லை. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. ஆனால் காயலான் கடைக்குப் பஞ்சமில்லை. ஹென்றி போர்டின் 'டி' மாதிரிக் கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியானது. அதன் சட்டங்களும் அச்சுகளும் எங்கும் மலிந்து கிடந்தன. 1932ஆம் ஆண்டில் போர்டு கம்பெனி மற்றொரு புதுமை செய்தது. எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் அமைத்து, முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்த்து, 65 குதிரை சக்தியுடைய எஞ்சினைச் சாமானியர் வாங்கும் காரில் பொருத்தியது. அதற்கு முன் எட்டு சிலிண்டர் எஞ்சின் செல்வர்களின் சொத்து. சில ஆண்டுகளில் அவ்வகைக் கார்களும் பழையனவாகிக் காயலான் கடைக்கு வந்தன. அன்றுமுதல் ஏழையின் கைக்கு எட்டிய வேகம் அந்த எஞ்சினே ஆயிற்று.

அந்த எஞ்சின் குற்றமற்றது என்று கூறுவதற்கில்லை. அதன் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்தன; மேல்மூடி வெறும் தட்டையான பலகைபோல் இருக்கும். எரிந்த புகை வெளியேறும் வழி எஞ்சின் வார்ப்பின் ஊடேயே சென்றதால் எளிதில் சூடேறிவிடும். இக்குறைகளோடு போராடியே ஒரு தொழில் வளர்ந்தது. மூடியின் அடிப்புறத்தைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினர். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினர். 1949ஆம் ஆண்டு மெர்க்குரி காரின் 4 அங்குல வீச்சுடைய கிராங்க் ஷாப்டைக் கொணர்ந்து பொருத்தினர். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ வைத்தனர்.

இவற்றைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் போன்றோருக்கு ஒரு செய்தி புலப்படும். பல கார்புரேட்டர்களைத் தாங்கும் குழாய்த் தொகுதியை 1938இல் செய்த விக் எடல்பிராக், கான்சாஸ் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டைத் தேய்த்துக் கொடுத்துப் புகழ்பெற்ற எட் இஸ்கெண்டேரியன் ஆர்மேனிய வம்சத்தினர். பிற்காலத்தில் இப்பந்தயத்துக்கே தலைவராக விளங்கிய வாலி பார்க்ஸ் 1913இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். சான் டியேகோ நகரில் ஹுவாக்கின் ஆர்னெட் என்பவரைச் சுற்றி ஒரு குழு அமைந்தது. அதில் மெக்சிகோ வம்சத்தினர் பெரும்பான்மையர், வேறு இனத்தவரும் இருந்தனர். அவரை உணவாகக் கொள்பவர்கள் என்று மெக்சிகோக்காரரைப் பிறர் ஏளனம் செய்வதுண்டு. அந்த ஏளனத்தையே பெயராக்கி, 'அவரைக் கொள்ளைக்காரர்' எனப் பொருள்படும் பெயரைத் தம் குழுவுக்கு அவர்கள் சூட்டிக்கொண்டனர். பிறகு களத்தில் வென்று காட்டினர். வந்த ஊரில் கைத்தொழிலே அவர்களுக்கு முகவரி ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வாலிபர்களிடம் இயந்திர அறிவும் இருந்தது. கையில் சிறிது பணமும் இருந்தது. முராக் ஏரியோ இராணுவத்தின் வசமாகிவிட்டது. வேறு ஏரிகளோ தொலைவில் இருந்தன. எனவே பலர் நகர வீதிகளிலேயே இரவில் பந்தயம் ஓட்டினர். வழிப்போக்கரும் உயிரிழந்தனர். பத்திரிகைகள் கண்டித்தன, போலீஸார் துரத்தினர். இந்நிலையில்தான் 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் முதலியோர் 'ஹாட் ராட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினர். வீட்டில் திருத்தியமைத்த வேகக் காருக்கு வழங்கும் பெயர் அது. அதன் ஆசிரியராகப் பொறுப்பேற்ற வாலி பார்க்ஸ், வீதியில் நடப்பதைத் தடைசெய்தால் மட்டும் போதாது, ஓட்டுவதற்கு ஓர் இடமும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் பிறந்தது.

இடம் எங்கிருந்து வந்தது? விமான ஓடுதளங்களிலிருந்து வந்தது. 1949இல் கோலேட்டா என்னும் ஊரில் விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் ஒழுங்குமுறையோடு ஒரு பந்தயம் நடந்தது. 1950இல் சான்டா அனா நகரில் சி. ஜே. ஹார்ட் என்பவர் விமான நிலையத்தின் ஓடுதளத்தில் வாரந்தோறும் பந்தயம் நடத்தத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். அவருடைய மனைவி பெகி ஹார்ட்டும் பந்தயத்தில் கார் ஓட்டி வந்தவர். இவ்வாறு விமானத்தளம் பந்தயத்தளமானது அமெரிக்காவில் மட்டும் நிகழ்ந்ததன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து ஓடுதளத்தில், பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்த பின்னரே அந்த இடம் ஓய்வு பெற்றது. மும்பையில் ஜுஹு, கொல்கத்தா அருகே பாரக்பூர் ஆகிய விமானத்தளங்களிலும் 1960களில் பந்தய ஒலி கேட்டது. அவ்வூர்களில் வாழும் மூத்த நேயர்கள் சிலருக்கு அது நினைவிருக்கக்கூடும்.

மீண்டும் சான்டா அனாவுக்கு வருவோம். அங்கே முதலில் கார்களைத் தலைகுனிய வைத்தவை மோட்டார் சைக்கிள்கள். அவற்றுள் ஒன்றைக் கட்டியவர் செட் ஹெர்பர்ட். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் அவர். தாம் கட்டிய வண்டியைப் பிறர் ஓட்டக் கண்டு மகிழ்ந்தார். இலேசான வண்டி முந்துகிறது என்ற உண்மையை அனைவரும் கண்டனர். டிக் கிராப்ட் என்பவர் ஒரு துணிவு செய்தார். தம் காரின் மேலுடல் முழுவதையும் கழற்றி எறிந்தார். எஞ்சியவை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், எஞ்சின், நான்கு சக்கரங்கள், ஓர் இருக்கை. பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம், ஆயினும் பிற்காலத்து 'டிராக்ஸ்டர்' வண்டிகளுக்கெல்லாம் மூதாதை அதுவே.

அடுத்த கேள்வி, சக்தியைத் தரையில் எவ்வாறு ஊன்றுவது என்பது. எஞ்சின் எவ்வளவு வலிமை உடையதாயினும், பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றால் பயனில்லை. பின்சக்கரத்தின்மேல் பாரம் கூடவேண்டும். ஆதலால் எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளினர். 1954 வாக்கில் மிக்கி தாம்ப்ஸன் முதலியோர் ஓட்டுபவரின் இருக்கையைப் பின்னச்சுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தனர். கவணில் வைத்த கல்லைப்போல் ஓட்டுபவர் கடைக்கோடியில் அமர்ந்ததால், அவ்வகை வண்டிக்குக் கவண் என்ற பொருளுடைய பெயரே நிலைத்தது. 1951இல் கிரைஸ்லர் கம்பெனி வெளியிட்ட 180 குதிரை சக்தியுடைய எஞ்சினும், நைட்ரோமீத்தேன் என்னும் எரிபொருளும் இதனுடன் சேர்ந்தன. ஒரு பவுண்டு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 பவுண்டு காற்று தேவை. நைட்ரோமீத்தேன் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால் அதற்கு 2 பவுண்டுக்கும் குறைவான காற்றே போதும். ஆகவே அதே சிலிண்டரில் பன்மடங்கு எரிபொருளை எரிக்கலாம். வேகம் கட்டுமீறிப் போகவே, சங்கம் 1957 முதல் 1963 வரை தன் பந்தயங்களில் அதனைத் தடைசெய்தது.

கவண் வண்டியில் ஓட்டுபவர் அமர்ந்த இடத்தை நேயர்கள் மனக்கண்ணால் பார்க்கவேண்டும். அவருக்கு முன்னே எஞ்சின். அவருடைய கால்களுக்கிடையே கிளட்சும் கியர் அமைப்பும். அவற்றைத் தாங்கிய பின்னச்சு. கிளட்சோ ப்ளைவீலோ சிதறினால் இரும்புத் துண்டுகள் பாயும் வழியில்தான் அவர் இருந்தார். எஞ்சின் வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் அவர் முகத்தில் வீசும். பலர் இறந்தனர்; பலர் உறுப்பிழந்தனர். கிளட்சைச் சுற்றி எஃகுக் கவசம், தலைக்குமேல் வளைகம்பி, தீத்தாங்கும் உடை, நிறுத்துவதற்குப் பாராசூட் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்குப் பின் எழுதப்பட்ட பாடம்.

அப்பாடத்தின் முடிவான அத்தியாயத்தை எழுதியவர் புளோரிடா மாநிலத்து டான் கார்லிட்ஸ். பழைய செவ்ரலே காரின் சட்டத்தையும் கிரைஸ்லர் எஞ்சினையும் கொண்டு தம் முதற்பெரும் வண்டியைக் கட்டிய அவர், கலிபோர்னியாக்காரரைத் திகைக்கச் செய்தவர். 1970 மார்ச் 8ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே லயன்ஸ் பந்தயத்தடத்தில், புறப்பட்ட கணமே அவருடைய வண்டியின் கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டாயிற்று. அவர் தம் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையில் படுத்தவாறே, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று சிந்தித்தார். பலர் முன்பு முயன்று கைவிட்ட வழி அது. அடுத்த ஆண்டே, 1971இல், அத்தகைய வண்டியைக் கட்டி முக்கியப் பந்தயம் ஒன்றை வென்றார். சில ஆண்டுகளில் முன்எஞ்சின் வண்டிகள் உயர்நிலைக் களத்திலிருந்து மறைந்தன.

இன்று வீட்டில் பழைய மாதிரி டிராக் காரைக் கட்டுபவர் மீட்டெடுப்பது மறைந்துபோன அந்த வடிவத்தையே. வேலை நடக்கும் ஒழுங்கு அன்றுபோலவே இன்றும் உள்ளது. முதலில் சமதளமான தரையில் சட்டத்துக்குரிய குழாய்களைக் கிடத்தி, மூலைக்கு மூலை அளந்து, கோணல் இல்லையென உறுதி செய்கின்றனர். பின்னர் எஞ்சினையும் பின்னச்சையும் வெறுமனே வைத்துப் பார்த்து, ஓட்டுபவரை இருக்கையில் அமர்த்தி, கால் எட்டுமிடமும் கை எட்டுமிடமும் குறிக்கின்றனர். அதன் பின்னரே வெல்டிங். முதலில் ஆங்காங்கே புள்ளியிட்டுப் பற்றவைத்து, மறுபடியும் அளந்து, பிறகே முழுவதும் பற்றவைப்பர். சூட்டில் இரும்பு வளையும் என்பதை அறிந்தவர் அவசரப்படுவதில்லை. அச்சின் நீளத்தைக் குறுக்குதல், ஸ்டீரிங்கை அமைத்தல், பிரேக், எரிபொருட்குழாய் எல்லாம் பின்வருபவை. வர்ணம் கடைசியில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மணிக்கு 110 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 161 அடி கடக்கிறது. அந்த விநாடியில் ஒரு மோசமான வெல்டிங் இணைப்பு விட்டுப்போனால் திருத்துவதற்கு அவகாசம் இல்லை. பழமைக்கு உண்மையாயிருத்தல் என்ற பெயரில் சிலர் பழைய இடுப்புப் பட்டையையும், மெல்லிய வளைகம்பியையும், கவசமில்லாத கிளட்சையும் அப்படியே வைத்துக்கொள்ள விரும்பக்கூடும். நம் கருத்தில் அது பழமையைப் போற்றுவதாகாது. அன்றைய கைவினைஞர்கள் அவற்றை விரும்பி வைத்திருக்கவில்லை. அதைவிட நல்லது தமக்குக் கிடைக்காததால் வைத்திருந்தனர். கிடைத்த அன்றே மாற்றிக்கொண்டனர். உருவத்தை 1955இலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பை இன்றைய விதிகளிலிருந்தே எடுக்கவேண்டும். ஓட்டுமிடமும் அனுமதி பெற்ற பந்தயத்தடமாகவே இருத்தல் வேண்டும். பொதுச்சாலையிலிருந்து பந்தயத்தை அகற்றுவதற்காகவே அந்தத் தலைமுறை பாடுபட்டது.

வறண்ட ஏரியிலும் கைவிடப்பட்ட ஓடுதளத்திலும், பிறர் எறிந்த இரும்பைக் கொண்டு, படிப்பும் பணமும் அதிகமில்லாதவர்கள் ஒரு கலையை உண்டாக்கினர். அதற்குரிய ஒழுங்கையும் தாமே தேடிக்கொண்டனர். வேகத்தைக் கண்டுபிடித்தது அவர்களுடைய கைத்திறன். அந்த வேகத்துக்கு வரம்பு வேண்டும் என்று உணர்ந்தது அவர்களுடைய அறிவு. வீட்டுக் கொட்டகையில் இன்று ஒருவர் அத்தகைய வண்டியைக் கட்டுவாரானால், இவ்விரண்டையும் சேர்த்தே கட்டுவாராக.