கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது... ஆட்டிசம் உள்ளவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? 'ஸ்டிம்மிங்' பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு சிறுவன். ரயில் உள்ளே நுழையும் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் இறக்கை அடிப்பது போல வேகமாக உதறுகிறான். குதிக்கிறான். தொண்டைக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். "பையனுக்கு ஏதாச்சும் பண்ணுதாம்மா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்க, அம்மா சட்டென்று அவன் கைகளைப் பிடித்து அமுக்குகிறார். "கையை இறக்கு, எல்லாரும் பாக்குறாங்க."

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பழகிப்போன காட்சிதான். இந்தக் கை உதறலுக்கு 'ஸ்டிம்மிங்' என்று பெயர். 'செல்ஃப் ஸ்டிமுலேட்டரி பிஹேவியர்' என்ற மருத்துவச் சொல்லின் சுருக்கம் அது. தன் உடலுக்குத் தேவைப்படும் தூண்டுதலைத் தானே கொடுத்துக்கொள்வது என்று பொருள். அந்தக் கைகளை அமுக்கிப் பிடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதுதான் பல பெற்றோரின் குழப்பம்.

ஸ்டிம்மிங் எப்படியெல்லாம் இருக்கும்?

கை உதறுவதும் உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவதும் எல்லோர் கண்ணிலும் படுபவை. கண்ணில் படாதவை நிறைய உண்டு. ஓடும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பது, பொம்மை காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தை மட்டும் சுற்றிவிடுவது, கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டிப் பார்ப்பது, அம்மாவின் புடவை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பது, பொருட்களை முகர்ந்து பார்ப்பது, நுனிக்காலில் நடப்பது என ஆளுக்கு ஆள் மாறும். டிவி விளம்பர வசனத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்வதும் சிலருக்கு ஸ்டிம்மிங்தான்.

ஆட்டிசம் இல்லாதவர்களும் இதைச் செய்கிறார்கள். மீட்டிங்கில் பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்துவது, பரீட்சை ஹாலில் நகம் கடிப்பது, போன் பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பது எல்லாம் இதே வகைதான். "காலை ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டியிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும், நீண்ட நேரம் நீடிக்கும், தேவையும் அதிகம். ஊருக்குப் பழக்கமான கால் ஆட்டல் யார் கண்ணையும் உறுத்துவதில்லை, பழக்கமில்லாத கை உதறல் உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை உதறுகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. கைக்குழந்தைகள் சந்தோஷத்தில் கை உதறுவது சகஜம். பார்வையில்லாத குழந்தைகள் சிலரிடமும் உடலை ஆட்டும் பழக்கம் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளோடு, மற்றவர்களுடன் பழகுவதிலும் பேச்சுப் பரிமாற்றத்திலும் சிக்கல் இருந்தால்தான் அது ஆட்டிசம். ஒளி, ஒலி, தொடுதல் போன்றவற்றை அளவுக்கு மீறி உணர்வதோ, உணராமலே இருப்பதோ இந்தக் கையேட்டில்தான் முதல்முறையாக ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஏன் செய்கிறார்கள்?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேளச் சத்தம், மைக்கில் அறிவிப்பு, வீடியோ லைட், மல்லிகைப் பூ வாசனை, உரசிக்கொண்டு போகும் பட்டுப்புடவைகள். பெரும்பாலானவர்களின் மூளை இதில் தேவையில்லாததைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு எல்லாமே ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் வந்து மோதுகிறது. அந்த வெள்ளத்தில் தானே உருவாக்கிய, அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு அசைவு பிடிமானமாகிறது. சீரான ஆட்டம் மற்ற இரைச்சலைக் கொஞ்சம் மங்க வைக்கிறது.

சிலருக்கு இதற்கு நேர் எதிர். உடலிலிருந்து மூளைக்குப் போதுமான உணர்வு போய்ச் சேர்வதில்லை. அவர்கள் சுற்றுகிறார்கள், குதிக்கிறார்கள், சோபாவில் மோதி விழுகிறார்கள். தூளியில் ஆட்டினால் குழந்தை ஏன் அமைதியாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

பயம், பதற்றம் மட்டும் காரணமில்லை. அதிக சந்தோஷத்திலும் கைகள் பறக்கும். ரயிலைப் பார்த்த சிறுவனுக்கு அதுவாகத்தான் இருக்கும். கவனம் செலுத்தவும் இது உதவுகிறது. வகுப்பில் ஆடிக்கொண்டே பாடம் கேட்கும் பிள்ளையை ஆடாமல் உட்கார வைத்தால், உட்காருவதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். பாடம் காதில் ஏறாது.

ஆட்டிசம் உள்ளவர்களில் உலகம் அறிந்த முகமான டெம்பிள் கிராண்டின், சிறு வயதில் மணலை விரல் இடுக்குகளில் வழியவிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் இருந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். மாடுகளுக்கு ஊசி போடும்போது அசையாமல் இருக்க இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டை, அரிசோனாவில் உறவினரின் பண்ணையில் பார்த்தார். உள்ளே போன மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, 18 வயதில் தனக்கே அப்படி ஓர் 'அணைப்பு இயந்திரம்' செய்துகொண்டார். பின்னாளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியரானார்.

அடியும் மின்சார ஷாக்கும்

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதில் முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட், கையில் கிடைத்த உருண்டையான எதையும் தரையில் சுற்றிவிட்டு மகிழ்ந்தவர். அவர் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளுக்குத் தனியாகப் பயணம் போனார். 2023-ல் தன் 89-வது வயதில் காலமானார்.

எல்லோருக்கும் அந்த வாழ்க்கை அமையவில்லை. 1960-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஐவர் லோவாஸ், ஆட்டிசம் குழந்தைகளின் ஸ்டிம்மிங்கை நிறுத்த அடி, அதட்டல், மின்சார ஷாக் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். 1965-ல் 'லைஃப்' பத்திரிகை இதைப் படங்களோடு வெளியிட்டது. ஏதோ பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஒரு சிறப்பு இல்லத்தில் மின்சார ஷாக் கருவி இந்த நூற்றாண்டிலும் பயன்பாட்டில் இருந்தது. அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் அதற்குத் தடை போட, 2021-ல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சட்டம் திருத்தப்பட்ட பிறகு 2024-ல் மீண்டும் தடைக்கான முன்மொழிவு வந்தது.

ஷாக் இல்லாத இடங்களிலும் 'கை அமைதியா இருக்கணும்' என்ற பயிற்சி பல காலம் தொடர்ந்தது. இதற்கு எதிராகப் பேசியவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. வாயால் பேசாத மெல் பேக்ஸ் என்பவர் 2007-ல் யூடியூபில் ஒரு வீடியோ வெளியிட்டார். முதல் பாதியில் அவர் கையை உதறுகிறார், முணுமுணுக்கிறார், குழாய்த் தண்ணீரில் விரல்களை விளையாட விடுகிறார். இரண்டாம் பாதியில் கணினிக் குரல் மூலம், இது தன்னைச் சுற்றியுள்ளவற்றோடு தான் நடத்தும் உரையாடல் என்று விளக்குகிறார். தான் செய்வதற்கு அர்த்தம் இல்லை என்று சொல்பவர்கள், தன் மொழியைக் கற்றுக்கொள்ள எப்போதாவது முயன்றார்களா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடமே நேரில் கேட்டது கொஞ்சம் தாமதமாகத்தான். ஸ்டீவன் காப் தலைமையில் 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 30-க்கும் மேற்பட்ட ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். பொறுக்க முடியாத உணர்வுகளைத் தணித்துக்கொள்ள ஸ்டிம்மிங் உதவுகிறது என்பது அவர்களின் பொதுவான பதில். மற்றவர்கள் பார்வைக்குப் பயந்து வெளியில் அடக்கிக்கொள்வதாகவும், அது மனதை வாட்டுவதாகவும் கூறினார்கள்.

எப்போது தலையிட வேண்டும்?

எல்லா ஸ்டிம்மிங்கும் ஒன்றல்ல. சுவரில் தலையை மோதுவது, ரத்தம் வரும் வரை கையைக் கடிப்பது, தோலைக் கிள்ளிப் பிய்ப்பது, கண்ணைக் குத்துவது ஆகியவற்றை வேடிக்கை பார்க்க முடியாது. ஆனால் அதட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்ய வேண்டும்: வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு "காது வலிக்குது" என்று சொல்லத் தெரியாது. பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், தலைவலி என எதுவும் தலை மோதலாக வெளிவரலாம். நேற்று வரை இல்லாத பழக்கம் இன்று திடீரென வந்தால், முதலில் குழந்தைகள் நல மருத்துவர்தான்.

வலி இல்லை என்று தெரிந்த பிறகு, அந்தச் செயல் எந்தத் தேவையைப் பூர்த்தி செய்கிறது என்று கவனிக்கலாம். கையைக் கடிக்கும் பிள்ளைக்குக் கடிப்பதற்கென்றே தயாரான சிலிகான் வளையம், சத்தத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் காதை மூடும் ஹெட்போன், ஆடத் துடிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே ஓர் ஊஞ்சல் என்று மாற்று வழி கொடுக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இதற்கு வழிகாட்டுவார்கள். ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் எடை கூடிய போர்வைகளை வாங்கும் முன் யோசிப்பது நல்லது. 2014-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் குழந்தைகளுக்கு அந்தப் போர்வை பிடித்திருந்தது, ஆனால் தூக்கம் கூடவில்லை.

ஸ்டிம்மிங் போலத் தெரிந்து வேறொன்றாக இருக்கும் நிலைகளும் உண்டு. வெறித்துப் பார்த்தபடி, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் சில நொடிகள் உறைந்துபோனால் அது வலிப்பாக இருக்கலாம். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்றவை ஐந்தாறு வயதில் புதிதாக ஆரம்பித்தால் 'டிக்' எனப்படும் வேறு பிரச்னையாக இருக்கலாம். நன்றாகப் பொருட்களைப் பிடித்து விளையாடிய பெண் குழந்தை, ஒன்றரை வயதுவாக்கில் அதை விட்டுவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தால் 'ரெட் சிண்ட்ரோம்' என்ற மரபணுக் கோளாறா என்று பார்க்க வேண்டும். டாக்டர் முன்னால் குழந்தை எதுவும் செய்யாமல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் என்பதால், வீட்டில் நடக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது பெரிய உதவி.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பெரும்பாலும் எதுவுமே செய்ய வேண்டாம். முறைத்துப் பார்க்காமல், கையைப் பிடிக்காமல், "மந்திரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்காமல் இருந்தால் போதும். குழந்தை பதற்றத்தில் இருப்பது தெரிந்தால், கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து, சத்தத்தைக் குறைக்கலாம். ஆசிரியர்கள் கடைசி பெஞ்சில் எழுந்து நிற்கவோ, கையில் ஏதாவது ஒரு சின்னப் பொருளை வைத்துக்கொள்ளவோ அனுமதித்தாலே வகுப்பு சுலபமாக ஓடும்.

எங்கே உதவி கிடைக்கும்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையும் பெறலாம். நேஷனல் டிரஸ்ட்டின் 'நிரமயா' காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு, தெரபி செலவும் இதில் அடங்கும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தைகளைக் காட்டலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இயங்குகிறது.