காட்டன் ஹில்ஸ் கோப்பு

1977 மார்ச் மாத இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத்துக்கு ஒரு கட்டு புரூஃப் வந்தது. அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்பு அது. பழைய பதிப்பு ஈய எழுத்தில் கோத்தது. இப்போது பதிப்பகம் ஒளியச்சுக்கு மாறியிருந்தது. பிரித்துப் பார்த்தவர் நொந்துபோனார். எழுத்தும் இடைவெளியும் கணிதக் குறிகளும் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த லட்சணத்தில் வருவதற்கு எதற்கு எழுத வேண்டும்?

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எழுத்துகளைப் புள்ளிகளாகவே அச்சிடும் புது இயந்திரத்தின் பக்கங்களை அவர் பார்த்திருந்தார். புள்ளி என்றால் பூஜ்ஜியமும் ஒன்றும். ஆக, அது நிரல் எழுதுகிறவரின் கைக்குள் அடங்கும் சமாச்சாரம். ஒரு வடிவமைப்பை எழுதி இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டுச் சீனாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது சிறு துண்டுதான் ஓடியது. குற்றம் மாணவர்களுடையதல்ல. வரிக்கு வரி அவர் மட்டுமே தீர்க்கக்கூடிய சந்தேகம் முளைத்திருந்தது. தானே உட்கார்ந்தார். சில மாத வேலை என்று தொடங்கியது, பத்தாண்டுகளை விழுங்கியது.

பிறந்தது டெக். பக்கம் கோப்பதற்கென்றே உருவான, பின்சாய்கோடுகள் மண்டிய நிரல்மொழி. கனூத் அதை இலவசமாகக் கொடுத்தார்; பிழை கண்டுபிடித்தவருக்கு 2.56 டாலரில் தொடங்கிக் காசோலையும் கொடுத்தார். பதிப்பு எண்ணோ 3.14, 3.141 என்று கணிதத்தின் பையை (π) நோக்கி நகர்ந்தது. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் இதன்மேல் லேடெக் என்ற கட்டளைத் தொகுப்பைக் கட்டினார். அதன்பின் ஆளுக்கொரு மேக்ரோ, அதாவது கூட்டுக் கட்டளை, எழுதினார்கள். அவற்றைச் சேர்த்துவைத்துப் பகிர, 1990களின் தொடக்கத்தில் சிடான் என்ற பொதுக் களஞ்சியம் எழுந்தது. ஆனால் பகிர்ந்த நிரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளத் தொடங்கின.

அந்த மோதல் திருவனந்தபுரத்தையும் எட்டியது. அங்கே சி.வி.ராதாகிருஷ்ணனின் ரிவர் வேலி டெக்னாலஜிஸ் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு டெக்கில் பக்கம் கோத்துக்கொண்டிருந்தது. அது இயங்கிய காட்டன் ஹில்ஸ் பகுதிக் கட்டடத்து முகவரியில்தான் இந்திய டெக் பயனர் குழுவும் இருந்தது. லேடெக் கற்க ஒரு பாடநூலையே அது இலவசமாக வெளியிட்டது. 2002 செப்டம்பரில் உலக டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடே திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வந்துவிட்டது. பெரிய சோதனை அதற்குப் பிறகுதான்.

ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சேவியர் கட்டுரையாளர்களுக்குத் தந்துவந்த, பக்க வடிவத்தை விதிக்கும் பழைய ‘கிளாஸ்’ கோப்பு, ஹைப்பர்ரெஃப் போன்ற பிறர் எழுதிய பொதிகளோடு ஒத்துப்போகாமல் மோதியது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை. காட்டன் ஹில்ஸ்காரர்கள் அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். லேடெக்கின் சொந்தக் கட்டளைகளைத் தொடவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, சாதாரண ‘ஆர்ட்டிகிள்’ கிளாஸின்மேலேயே எழுப்பினார்கள். கெட்டிக்காரத்தனத்தைவிட இந்த அடக்கம்தான் கோப்பைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது.

அதுதான் ‘எல்ஸ்ஆர்ட்டிகிள்’. எல்சேவியர் ஆய்விதழுக்கு லேடெக்கில் கட்டுரை அனுப்பும் இயற்பியலாளரும் பொறியாளரும் யார் எழுதியது என்று யோசிக்காமலே தரவிறக்கிக்கொள்ளும் அதே கோப்பு. பின்னால் வந்த ‘காஸ்’ வார்ப்புருவும் ராதாகிருஷ்ணன் குழுவினுடையதே. அதன் மாதிரிக் கட்டுரையில் ஆசிரியர்களின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் திருவனந்தபுரத்து ஜகதியும் மலயின்கீழும் அச்சாகியிருந்தன. தங்கள் முகவரியை எழுத, ஆய்வாளர்கள் முதலில் அவற்றை அழிக்க வேண்டியிருந்தது.