நெஞ்சை ஆராய்தற்கு ஓர் அச்சுநூல்

தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுள் முற்பட்டது, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. அதற்கடுத்து 1580இல் அதே கொச்சியில் அச்சான நூலை இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சில அவ்வரியையும் எழுதுவதில்லை. 'கொம்பெசியொனாயரு' என்னும் அதன் பெயரே பலரை விலக்கியிருக்கக்கூடும். போர்த்துக்கேயச் சொல்லைத் தமிழ்ச் செவி கேட்டவாறு எழுதிய பெயர் அது. செய்த பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடச் செல்வோர், முன்னதாகத் தம் நெஞ்சைத் தாமே ஆராய்ந்து ஆயத்தம் செய்துகொள்ள உதவும் நூல்.

இத்தகைய நூலுக்குத் தேவை எழுந்த வரலாறு நோக்கத்தக்கது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37 ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஊர்த்தலைவர் முடிவெடுத்தனர், ஊரார் உடன்பட்டனர். சமயநெறி கூறும் முறையோ, முதலில் மனம் திரும்புதல், பின்னர் திருமுழுக்கு என்பது. இங்கு வரிசை மாறிற்று. ஊர் கூடி ஏற்கக்கூடியது நம்பிக்கை. ஊர் கூடி வருந்த இயலாது. ஒவ்வொருவரும் தனித்தே செய்ய வேண்டிய அவ்வேலை நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்தது எனலாம்.

1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழில் மொழிபெயர்க்கச் செய்த மன்றாட்டுகளை மனப்பாடமாக ஓதிக் கற்பித்தார். மன்றாட்டுக்கு அது போதும். பாவ அறிக்கைக்குப் போதுமா? நெஞ்சின் மறைவைத் துபாசி ஒருவர் வழியே எவர் வெளியிடுவார்? 1546இல் இந்தியா வந்த என்றிக்கே என்றிக்கசு, தமிழ் மரபில் அண்டிரிக் அடிகளார், துபாசியின்றிப் பேசுமளவு தமிழ் கற்று, போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். இவர் யூத மரபினர். அப்பிறப்பைக் காட்டிப் பிரான்சிஸ்கன் சபை இவரை விலக்கியது. பின்னரே இயேசு சபை ஏற்றது. பிறப்பை வைத்து நெஞ்சை அளந்தோரிடம் அடிபட்ட ஒருவர், பிறர் தம் நெஞ்சைத் தாமே அளக்க நூல் செய்தார் என்பது எண்ணத்தக்கது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை வேண்டும் என 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் விதித்தது. 1551இல் திரிதெந்து சங்கம் மனவருத்தம், வாய்மொழி அறிக்கை, பரிகாரம் என மூன்றைக் குறித்ததோடு, மனவருத்தத்தையும் வகுத்துரைத்தது. இறைவன்மீது கொண்ட அன்பால் வருந்துவது உத்தமம்; நரகத்திற்கு அஞ்சி வருந்துவது குறையுடையது. இப்பகுப்பு நுட்பமானது. மீன் விலையும் கடற்காற்றும் பேசிய கரைத்தமிழில் இதனை உணர்த்துதல் எளிதன்று. வினாக்களால் அடிகளார் அதற்கு முயன்றார். பத்துக் கட்டளைகளை ஒட்டி எழும் அவ்வினாக்கள் படிப்பவனை நேரே நோக்குகின்றன.

தம்மை நாயினும் கடையராக எண்ணி உருகுதல் தமிழுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரும் அப்பரும் அதனைப் பாட்டின் உச்சத்திற்குக் கொண்டுசென்றனர். ஆயின் அவ்வுருக்கம் இறைவனை நோக்கியது. குற்றத்தின் பெயரும் எண்ணிக்கையும் அங்கு வேண்டா. கொச்சி நூலோ, எதைச் செய்தாய், எத்தனை முறை, யாருக்கு எதிராக என்று உரைநடையில் கேட்கும் நெறியைச் சார்ந்தது. கவிதை மூடி வைக்கும் இடத்தைத் திறந்து பார்க்கும் உரைநடை அது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் வீரமாமுனிவரிடம் தொடங்குவதற்கு முன் இங்குச் சற்று நிற்றல் நன்று.

நெடுங்காலம் மறைந்துபோனதாகக் கருதப்பட்ட இந்நூலின் படி ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருப்பதை 1982இல் கிரகாம் ஷா கட்டுரையொன்றில் வெளியிட்டார். அடிகளார் 1600இல் மறைந்து தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். பின்வந்தோர் 'கொம்பெசியொனாயரு' என்னும் சொல்லைக் கைவிட்டுப் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். அதுவும் மாறி இன்று 'ஒப்புரவு' என்கின்றனர்.