ஏழைகளின் பக்கம் நின்ற குரு: குஸ்தாவோ குத்தியெரஸ்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவில், 1928ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் பிறந்தவர் குஸ்தாவோ குத்தியெரஸ் என்னும் கத்தோலிக்கக் குரு. அவரைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம். சங்க அன்பர்களுள் பலர் வேறு சமயத்தினர். ஆயினும் அவர் எழுப்பிய வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

பெரு நாட்டு மலைவாழ் குடிகளின் மொழி கெச்சுவா. அக்குடிகளின் குருதியும் அவர் உடலில் ஓடியது. பன்னிரண்டு வயதில் எலும்பு நோய் கண்டது. பதினெட்டு வயது வரை படுக்கையும் சக்கர நாற்காலியுமே அவர்க்கு உலகம். எழுந்து நடந்ததும், நோயின் துன்பம் அறிந்தவராதலின் மருத்துவம் பயிலப் புகுந்தார். பின்னர் அதனை விடுத்துக் குருத்துவத்தை நாடினார். ஐரோப்பாவில் லூவேன், லியோன் நகரங்களில் கற்று, 1959இல் குருப்பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிய அவர், லீமாவின் ரீமாக் என்னும் ஏழைகள் பகுதியில் நெடுங்காலம் பங்குக் குருவாகப் பணியாற்றினார்.

ஐரோப்பாவில் கற்ற பாடம் அங்கே போதவில்லை. கடவுள் உண்டா என்பது அங்குள்ள கற்றவரின் ஐயம். ரீமாக்கின் மக்கட்கோ அந்த ஐயமே இல்லை. ‘கடவுள் உம்மை நேசிக்கின்றார்’ என்று உண்ண உணவில்லாதவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? இதுவே அவரை வருத்திய வினா. 1968 ஜூலையில் சிம்போத்தே என்னும் மீன்பிடித் துறைமுக நகரில் குருமார் முன்னிலையில் இதனை விரித்துரைத்தார். அடுத்த மாதமே கொலம்பியா நாட்டு மெதெயின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க மேற்றிராணிமார் மாநாட்டில் ஆலோசகராய் இருந்தார். 1971இல் ‘விடுதலை இறையியல்’ என்னும் பொருளுடைய அவரது நூல் லீமாவில் வெளிவந்தது.

குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குத் தத்துவ நூல்கள் எளிதில் எட்டுவதில்லை. எனினும் வறுமையை அவர் மூன்றாகப் பிரித்தது நன்கு விளங்கிற்று. உண்ணவும் உடுக்கவும் இல்லாத வறுமை தீமை. அது கடவுள் விதித்ததன்று, மனிதர் அமைத்த முறைகளால் விளைந்தது. இறைவன்முன் குழந்தையென நிற்கும் உள்ளத்தின் எளிமை வேறு. ஏழையோடு ஏழையாய் நின்று, அத்தீமையை எதிர்ப்பதற்காக ஒருவர் தாமே ஏற்கும் வறுமை மூன்றாவது. முதலாவதைப் புகழ்ந்து பேசுவது பெரும் பிழை என்பது அவர் துணிபு. ஆண்டுதோறும் நம் விழாவில் காலனிச் சுவருக்கு அப்பாலுள்ள குடிசை மக்கட்கு வேட்டி சேலை வழங்கி மகிழ்கின்றோம். அவர்கள் ஏன் சுவருக்கு அப்பால் இருக்கின்றனர் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்நூலைப் பற்றிப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

எதிர்ப்பும் எழுந்தது. வர்க்கப் போராட்டத்தைத் திருச்சபைக்குள் நுழைக்கின்றார் என்று பலர் குற்றஞ்சாட்டினர். 1983இல் ரோமாபுரியினின்று கர்தினால் ராட்சிங்கர் பத்துக் குறிப்புகள் எழுதிப் பெரு மேற்றிராணிமார்க்கு அனுப்பினார். 1984இல் கடுமையான அறிக்கையும், 1986இல் சற்றுத் தணிந்த அறிக்கையும் வந்தன. குத்தியெரஸ் விளக்கம் எழுதினார், திருத்தினார். திருச்சபையை விட்டு விலகவுமில்லை, தம் கொள்கையை விடவுமில்லை. இறுதிவரை ரோமாபுரி அவரைத் தண்டிக்கவில்லை.

இதனினும் கொடிய சோதனை உள்நாட்டில் வந்தது. 1980இல் ‘ஒளிரும் பாதை’ என்னும் ஆயுதக் குழுவினர் தொடங்கிய போரில், அவர்கள் கையாலும் அரசின் படைகளாலும் மக்கள் மடிந்தனர். உண்மை ஆணையம் 2003இல் கணித்தவாறு, மாண்டோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 69,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் கெச்சுவா பேசிய எளிய குடியானவர். போரின் கொடுமைக்கு முதன்மையாய் இலக்கான மாவட்டம் அயகூச்சோ. அப்பெயர்க்கு ‘மாண்டோர் மூலை’ என்று பொருள் கூறுவர். விவிலியத்து யோபுவைப் பற்றி அக்காலத்தே அவர் எழுதிய நூல், குற்றமற்றவர் துன்புறும்போது கடவுளைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் என்று வினவுகின்றது.

பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பழங்குடிகட்காக வாதாடிய லாஸ் காசாஸ் என்னும் தொமினிக்கக் குருவே அவர் உள்ளங்கவர்ந்த முன்னோர்; அவரைப் பற்றி 1992இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். 2001இல், எழுபது வயது கடந்த பின்னர், அந்தத் தொமினிக்க சபையிலேயே தாமும் சேர்ந்தார். 2013 செப்டம்பரில் அப்போதைய போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரை வத்திக்கானில் வரவேற்றார். 2024 அக்டோபர் 22இல், 96ஆம் வயதில், பிறந்த லீமாவிலேயே கண்மூடினார்.