முள்ளெலி மறைத்த உண்மை – ஜமைக்கா பவளப்பாறைகளின் கதை

ஜமைக்கா என்றதும் பாப் மார்லியின் பாட்டும் வேகப்பந்து வீச்சாளர்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கடல் உயிரியல் படிப்பவர்களுக்கோ அந்தத் தீவின் வடகரை நினைவுக்கு வரும். ஒரு பவளப்பாறை எப்படிச் சாகிறது என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம் அது.

1950களில் தாமஸ் கோரோ என்ற விஞ்ஞானி அங்கே கடலுக்குள் மூழ்கி ஆராயத் தொடங்கினார். மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள் அடர்ந்து கிடந்தன. ஆனால் மீன்? வடகரையின் பவளத்திட்டு மிகவும் குறுகலானது, சிறு தோணியிலேயே எட்டிவிடலாம். மன்னார் வளைகுடாவில் இறக்கும் கூடுகளைப் போல, அங்கேயும் கம்பிவலைக் கூடுகளை இறக்கிப் பிடித்தார்கள். கம்பியின் கண் சிறியது. முட்டையிடும் வயதுக்கு வராத மீனும் சிக்கிவிடும். 1960களின் இறுதிக்குள் மீன்வளம் 80 சதவீதம் வரை குறைந்துவிட்டதாக மதிப்பிட்டார்கள். மீனவர்களைத் திட்டுவது சுலபம். வேறு பிழைப்பு இல்லாத ஏழைகளுக்கு அதுதான் அன்றாடச் சோறு.

மீன் குறைந்தால் பவளத்துக்கு என்ன? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பவளமும் பாசியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. கிளிமீன் போன்றவை பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும். அவை போனபின் அந்த வேலையை நீண்ட கருமுட்கள் கொண்ட கடல் முள்ளெலி ஒன்றே செய்தது. அதைத் தின்னும் மீன்களும் பிடிபட்டுவிட்டதால் அது ஏராளமாகப் பெருகியிருந்தது. பாறை பார்க்க நன்றாகவே இருந்தது, எனவே யாரும் கவலைப்படவில்லை!

1980 ஆகஸ்டில் ஆலன் புயல் கிளைப் பவளங்களை நொறுக்கியது. புயல் அங்கே புதிதல்ல. இளம் பவளங்கள் மறுபடி முளைக்கத்தான் செய்தன. ஆனால் 1983 தொடக்கத்தில் பனாமா கால்வாய் அருகே முள்ளெலிகள் ஏதோ நோயால் சாகத் தொடங்கின. ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் கடல் முழுவதும் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. மேய ஆளில்லாமல் பாசி படர்ந்தது. 1977-ல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் வெறும் 3 சதவீதம். பாசியோ 4-லிருந்து 92! டெரன்ஸ் ஹியூஸ் 1994-ல் இதை வெளியிட்டார். புயலும் நோயும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மேய்ச்சல் மீன்களைப் பிடித்துத் தீர்த்ததை அவர் முக்கியக் காரணமாகக் காட்டினார்.

மிஞ்சிய முள்ளெலிகளும் எளிதில் பெருகவில்லை. அவை முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுபவை. ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால் கருவே கூடாது. 2010-ல் ஒரகபெசா விரிகுடாவில் மீனவர்களும் சேர்ந்தே ஒரு பகுதியை மீன்பிடிக்காத சரணாலயமாக்கினார்கள், அங்கே மீன் திரும்பியது. 2022-ல் கரீபியனில் முள்ளெலிகள் மீண்டும் கொத்துக் கொத்தாகச் செத்தன. இம்முறை காரணம் ஒரு நுண்ணுயிர் என்று மறு ஆண்டே கண்டுபிடித்துவிட்டார்கள்.