மழைக்கு முன் இரண்டு பலகைகள்: தம்மம்பட்டி மரமும் கலவைப் பலகையும்

சேலம் மாவட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே இருக்கிறது தம்மம்பட்டி. தூங்குவாகையில் சாமி சிலையும் கோயில் வாகனமும் கதவும் செதுக்கும் ஊர். இவ்வூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. மொட்டை மாடியிலும் மலை விடுதி முற்றத்திலும் ‘டெக்’ எனும் பலகைத் தளம் போட இப்போது விற்கும் கலவைப் பலகை வேறு ஜாதி. மரத்தூளையும் பாலிஎதிலீனையும் சூட்டில் குழைத்து, முறுக்கு பிழிவதுபோல அச்சில் பிழிந்து எடுப்பது. மரம் என்றால் ஆயுசுக்கும் வேலை, கலவைப் பலகை என்றால் வேலையே இல்லை என்பது கடைப் பேச்சு. இரண்டுக்கும் காப்பு வேண்டும் என்பதே உண்மை. காக்கும் முறைதான் தலைகீழ்.

ஈரம்

மரம் அகலவாக்கில் அசையும். பச்சைத் தேக்குப் பலகை முழுக்கக் காய்வதற்குள் அகலத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் சுருங்கும். நீளத்தில் அரை சதவீதம்கூடக் குறையாது. காய்ந்த மரம் மழையில் ஈரம் குடித்தால் அதே திசையில் ஊதும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். அதனால்தான் வைரம் பாய்ந்த பகுதிக்கு மதிப்பு. வெளிப்புற வெள்ளை மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் முதலில் பிடிக்கும். நன்றாக ஆறவைத்த மரம், தலைப்பு வெட்டுகளில் கூடுதலாக ஒரு கை எண்ணெய் அல்லது வார்னிஷ், தண்ணீர் தேங்காத சாய்வு: மரத்துக்கான காப்பு இவ்வளவுதான். ஐப்பசி அடைமழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் பூச வேண்டும். ஈர மரத்தில் பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் பூச்சைக் கொப்பளமாக்கி உரித்துவிடும்.

கலவைப் பலகையில் மரத்தூளைப் பிளாஸ்டிக் சூழ்ந்திருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறவே ஏறாது என்பதில்லை. அறுத்த முனைகளில் தூள் வெளியே தெரியும், ஈரம் நுழைவது அங்கேதான். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வகையிலும் முனை அறுபட்டால் கதை அதேதான். இதன் மேல் வார்னிஷ் பூசிப் பயனில்லை. பிடிக்காமல் உரிந்து வரும். காப்பு பலகைக்கு அடியில் இருக்கிறது: தளத்தோடு ஒட்டிக் கிடத்தாமல் சட்டத்தின் மேல் தூக்கிப் போடுவது, காற்றோட்டம், அடியில் தண்ணீர் ஓட வழி.

வெயிலும் குளிரும்

கலவைப் பலகை நீளவாக்கில் அசையும், அதுவும் சூட்டால். மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் பலகை, சித்திரை மதியத்தில் 60 டிகிரி வரை காயக்கூடும். இந்த 40 டிகிரி வித்தியாசத்தில் 12 அடிப் பலகை 5, 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீள மரம் அரை மில்லிமீட்டர் நீண்டால் அதிகம். ஆகவே குளிர்ந்த காலையில் கலவைப் பலகை போடுபவர் முனைக்கு முனை நல்ல இடைவெளி விட வேண்டும். இல்லையேல் கோடையில் ஒன்றையொன்று முட்டித் தூக்கும். மரப்பலகையில் கணக்கு வேறு. கோடையில் காய்ந்த மரத்தை நெருக்கிப் போட்டால் மழையில் ஊதிப் பிதுங்கும். அதற்குப் பக்கவாட்டு இடைவெளிதான் முக்கியம். ஒன்றின் இடைவெளி முனையில், மற்றொன்றின் இடைவெளி விலாவில். இரண்டையும் ஒரே அளவில் போடும் ஆசாரி இரண்டையும் கெடுப்பார்.

உறைபனி சமவெளியில் இல்லை. ஊட்டியில் உண்டு, டொரொண்டோத் தமிழர் வீட்டுப் பின்முற்றத்தில் மாதக்கணக்கில் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பலகைக்குள் ஏறிய ஈரம் உறைந்தால் உள்ளிருந்தே பிளக்கும். டொரொண்டோவில் கலவைப் பலகை மேல் பனியை வாரப் பிளாஸ்டிக் மண்வாரியைப் பலகையின் நீளத்தோடு தள்ளுவார்கள். இரும்பு வாரி உறையைக் கீறிவிடும்.

பாசியும் கறையும்

நம்மூர்க் கலவைப் பலகையின் உண்மையான எதிரி மழைக்குப் பின் வரும் கரும்புள்ளி. இடுக்கில் சேரும் சருகு, மண், பூந்தொட்டியடி ஈரம் எல்லாம் பூஞ்சைக்குத் தீனி. ரப்பர் அடி வைத்த மிதியடியை மழைக்காலம் முழுக்க விட்டுவைத்தால் அதன் அச்சு அப்படியே நிறம் மாறி நிற்கும். தொட்டியைக் கால் வைத்த மணையில் தூக்கி வைத்து, வாரம் ஒருமுறை இடுக்கைப் பெருக்கி, சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போட்டுக் கழுவினால் போதும். மரத்திலும் பாசி பிடிக்கும். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி எண்ணெய் பூசலாம்.

பழுது

இங்கேதான் மரம் முந்துகிறது. வெடித்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம், உளுத்த பகுதியை வெட்டி ஒட்டு வைக்கலாம். கோயில் தேர்கள் உளுத்த பாகத்தை மட்டும் மாற்றித் தலைமுறைகள் ஓடுவது இதனால்தான். கலவைப் பலகை கீறினாலும் வெளுத்தாலும் முழுப் பலகையை மாற்றுவதே வழி. அந்த நிறம் அன்று கடையில் இல்லாவிட்டால் புதுப் பலகை தனியாகப் பல்லிளிக்கும். வாங்கும்போதே இரண்டு பலகை கூடுதலாக எடுத்து நிழலில் வைப்பவர் புத்திசாலி.

கால் மிதிக்கும், கூரையில்லாத, பூச்சு வேலைக்கு ஆள் வராத இடத்துக்குக் கலவைப் பலகை. கூரை நிழல் கிடைக்கிற, கை படுகிற, வருஷத்துக்கு ஒரு பூச்சு தாங்கும் இடத்துக்கு மரம். எதை எடுத்தாலும் மழைக்கு முன் ஒரு நாள் வேலை தவிராது; மரத்துக்கு அது எண்ணெய் டப்பாவோடு, கலவைப் பலகைக்குத் துடைப்பத்தோடு.